சாக்கடையில் ஓடிய அரக்கு

சென்னை மூழ்கினால் காஞ்சிபுரம் பிழைத்துக்கொள்ளும் என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது என் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மானம் மிஞ்சும்.

சும்மா நம்பவில்லை, யோசித்து நம்பினேன். புயல் மழையில் சென்னைத் துணிக்கடைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கடைக்குள் இருப்பது பட்டுப்புடவை. புடவை போய்விட்டால் அலமாரி காலி. அலமாரி காலியென்றால் தை மாதக் கல்யாணங்களுக்கு எதை எடுத்துப் போடுவார்கள்? இங்கேதானே வந்தாக வேண்டும்? இத்தனை படியையும் நான் ஏறி முடித்தபோது கையிலிருந்த டீ இன்னும் ஆறவில்லை. இறங்குவதற்குத்தான் பங்குனி தாண்டிவிட்டது.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். உள்ளே இரண்டு குழித்தறி. ஒன்றில் என் மனைவி தனியாக நெய்வாள். உடலும் கரையும் ஒரே நிறமாக வருகிற புடவை. இன்னொன்று கோர்வைத் தறி. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேருமிடத்தில் இழையோடு இழை கோத்துப் போகவேண்டும். அதை ஒருவரால் செய்ய முடியாது. நான் நடுவில் உட்கார்ந்து நெய்தால், வலப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, குறுக்கே ஓடும் ஊடை நூல் அடைத்த சின்ன ஓடத்தை, எனக்கு எதிரே விட்டு வாங்க வேண்டும். அந்த இடத்தில் எனக்கு வெகுகாலமாக உட்கார்ந்தவள் பக்கத்துச் சந்துக்காரப் பெண். என்னை அண்ணா என்பாள். அவள் வராத நாளில் நான் முதுகு சொறிந்துகொண்டிருப்பேன். தறி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். செவிலிமேட்டிலிருந்து ஒரகடம் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டுத் திரும்ப அழைத்து வருவார். மழைக்கு முன்பே அதே கம்பெனியில் அவளுக்கும் பேக்கிங் வேலை ஒன்று சொல்லிவைத்திருந்தார். ஐப்பசியில் ஒருநாள் அவள் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ண்ணா, கம்பெனியில கூப்புட்றாங்க. போவட்டுமா, இருக்கட்டுமா? இங்க வேலை ஒழுங்கா வருமான்னு மட்டும் சொல்லுங்க."

"பங்குனி வரைக்கும் இந்தத் தறி நிக்காது. நான் கேரண்டி" என்றேன்.

"நீங்க கேரண்டியா?"

"ஏன், ஒனக்கு பேங்கு மேனேஜர் வந்து சொல்லணுமா?"

அவள் சிரித்துவிட்டு, கம்பெனிக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். என் வாயை நம்பி ஒரு மனுஷி ஒரு வேலையை விட்டாள். என் வாயை நானே நம்புவதில்லை என்கிற விவரம் அவளுக்கு அப்போது தெரியாது.

பிறகு புயல் வந்தது. எங்கள் பக்கம் மழை பெய்தது, இல்லை என்று சொல்லவில்லை. கூரைத் தளம் ஒழுகியது. அது எந்த மழைக்கும் ஒழுகும். தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு ஈரம் குடித்துத் தொய்ந்தது. அவ்வளவுதான். சென்னையில் தெருவில் படகு ஓடுவதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் என் மச்சான் போன் செய்தான். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. சென்னையில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் குடோனைப் பார்த்துக்கொள்கிறவன்.

"மாமா, கீழ் ரூம்பு முழுக்க தண்ணி. புடவையெல்லாம் மெதக்குது மாமா."

"அடப் பாவமே. சாப்ட்டியா?"

"எங்க சாப்புட்றது. இடுப்பளவு தண்ணியில நின்னுக்கினு பேசிக்கினு இருக்கறேன்."

"கீழ் ரூம்புல எந்தக் கலரு ஜாஸ்தி இருந்துச்சு?"

மிதந்து வந்த எதையோ அவன் தள்ளிவிடுகிற சத்தம் கேட்டது.

"இன்னா மாமா?"

"இல்ல, சும்மாதான். எது ஜாஸ்தி?"

"அரக்குதான். கல்யாண சீசனுக்குன்னு எடுத்து வச்சது. மாமா, சார்ஜ் போவுது. நான் நல்லாக்கீறேன்னு அக்காகிட்ட சொல்லிடு."

போனை வைத்ததும் மனைவி ஓடி வந்து, "இன்னா சொன்னான்?" என்றாள்.

"அரக்காம்" என்றேன்.

அவன் நல்லாக இருக்கிறான் என்பதை இரண்டாவதாகச் சொன்னேன். அந்த வரிசையை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அவள் பிறந்த வீட்டுப் பக்கம் யார் வந்தாலும் எனக்குக் காபி வருவதற்கு முன் அந்தக் கதை வரும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எதை நெய்வது என்று யோசிப்பது என் வேலையே இல்லை. காந்தி ரோட்டில் எங்கள் முதலாளி இருக்கிறார். அவர் நூல் தருவார், ஜரிகை தருவார், நிறம் சொல்வார். நாங்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். யோசனை முழுக்க அவருடையது, முதுகு வலி முழுக்க எங்களுடையது. இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று எனக்கு இப்போது தெரிகிறது.

அன்றைக்கு மழை விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கடையில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். போனைக் காதில் வைத்து எடுத்து, வைத்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, அரக்குப் பாவு ஒண்ணு குடுங்க. தைக்கு அள்ளிக்கினு போவாங்க."

"யாரு?"

"மெட்ராஸ்காரங்கதான்."

"மெட்ராஸ்ல ஒருத்தனும் போனே எடுக்க மாட்டேங்கறான்பா. இரு. மொதல்ல தண்ணி வடியட்டும், கரண்டு வரட்டும், கடையத் தொறக்கட்டும். அப்பறம் அவன் இன்னா கேக்கறான்னு பாப்போம்."

நியாயமான பேச்சு. இப்போது எழுதும்போதுகூட அதில் ஒரு சொல்லையும் மாற்றத் தோன்றவில்லை. ஆனால் வியாபாரி 'இரு' என்று சொன்னால் 'நான் முந்திக்கொள்கிறேன்' என்று பொருள் என எனக்கு நானே அர்த்தம் செய்துகொண்டேன். அவர் போனைக் காதில் வைத்திருந்ததே ரகசியமாக வேறு யாருக்கோ அரக்கு சொல்லத்தான் என்று தோன்றியது. வழியில் எதிர்ப்பட்ட நெசவுக்காரர்கள் எல்லோருடைய முகத்திலும் ஓர் அரக்குக் களை தெரிந்தது. டீக்கடையில் ஒருவர் என்னைப் பார்த்து, "இன்னாப்பா, மெட்ராஸ் நெலமை இப்டி ஆயிடுச்சே" என்றார். துக்கம் விசாரிப்பது போல நடித்து என் வாயைக் கிளறுகிறார் என்று நினைத்து, "ஆமா, பாவம்" என்று மட்டும் சொல்லி நழுவினேன். உண்மையில் அவர் மகள் சென்னையில் இருந்தாள். அவர் நிஜமாகவே விசாரித்திருக்கிறார்.

கூரைத் தளத்துக்கு ஓடு பதிக்க என்று கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தோம். அதை எடுத்து என் சொந்தப் பொறுப்பில் நூல் வாங்கினேன். வாழ்க்கையில் முதல்முறை. நாலு தெரு தள்ளி மேட்டில் இருக்கிற சாயக்காரரிடம் கொண்டுபோய் அரக்கில் முக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். சாயக்காரர் வீடு மேட்டில் இருப்பதால் நூல் அலசிய தண்ணீர் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். காலையில் பல் துலக்கும்போது அதைப் பார்ப்பது என் வழக்கம். மற்றவர்கள் பேப்பர் படிப்பதுபோல. மஞ்சள் ஓடினால் கல்யாணப் புடவை. மயில் கழுத்து ஓடினால் ஏதோ பெரிய கடை மொத்தமாகக் கேட்டிருக்கிறது. ஒரு வாரம் கறுப்பு ஓடியபோது யாருக்கு என்ன ஆனதோ என்று பயந்துவிட்டேன். அது யாரோ கல்லூரிப் பெண்கள் கேட்ட புது மோஸ்தராம். இந்தச் சாக்கடை எனக்குப் பொய் சொன்னதே கிடையாது.

நூல் கொடுத்த மறுநாள் காலை, வாயில் பிரஷ்ஷுடன் குனிந்தேன். சாக்கடையில் அரக்கு ஓடிக்கொண்டிருந்தது. லேசாகக்கூட இல்லை, நுரைத்துக்கொண்டு.

வாயைக் கொப்பளிக்காமலே உள்ளே ஓடினேன். "வந்துட்டானுங்க."

மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமல், "யாரு?" என்றாள்.

"எல்லாரும். ஊரே அரக்கு போடுது. நாமதான் கடைசி."

"வாயத் தொடச்சிக்கினு பேசுங்க."

அதற்கு எங்கே நேரம். ஊரே அரக்கு நெய்தால் யார் முதலில் கொண்டுபோய் நிற்கிறானோ அவனுக்குத்தான் விலை. ஒரு தறி போதாது. மனைவியின் தறிக்கும் அரக்கே போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்து, மிச்சமிருந்ததையும் எடுத்துக்கொண்டு போய் இன்னொரு பாவுக்கு நூல் வாங்கிச் சாயக்காரரிடம் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னொண்ணா?"

"ஆமா" என்று சொல்லி, பெரிய வியாபாரிகள் சிரிப்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்தேன். பெரிய வியாபாரிகள் எப்படிச் சிரிப்பார்கள் என்று நான் பார்த்ததில்லை. அவர்கள் அந்த வாரம் எங்கும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் சாக்கடையில் முந்தின நாளைவிட அதிக அரக்கு. மூன்றாவது தறி ஒன்று வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது, பால் வாங்கப் போயிருந்த மனைவி திரும்பி வந்தாள். கோபம் வந்தால் அவள் பேச்சிலிருந்து 'ங்க' உதிர்ந்துவிடும்.

"சாயக்காரரப் பாத்தேன். மழைக்கு நூலு காயாதுன்னு இந்த வாரம் ஒருத்தரும் சாயத்துக்கே வரலியாம். நீ ஒருத்தன்தான் போய் நின்னியாம்."

"அப்போ சாக்கடையில ஓட்றது?"

"நம்ப வூட்டு நூலு."

"நேத்து ஓடுனது?"

"அதுவும் நம்ப வூட்டு நூலு. அதப் பாத்துட்டுதான் நீ ரெண்டாவது வாங்கினு போய்க் குடுத்த."

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். என்னோடு நானே போட்டி போட்டு, என்னை நானே முந்தியிருந்தேன். இந்த ஊரில் பல தொழில்காரர்கள் பலவிதமாக ஏமாந்திருக்கிறார்கள். தன் சாயத் தண்ணீரைப் பார்த்துத் தானே பயந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போதும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சாயம் ஏறிய நூலைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதைவிட, ஊரில் வேறு யாரும் அரக்கு போடவில்லை என்பது இப்போது எனக்கு நல்ல சேதியாகத் தெரிய ஆரம்பித்தது. பயத்துக்கு ஒரு காரணம் போனால் ஆசைக்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது.

இரண்டு பாவும் தயாராகி வந்தன. தறியில் முன் பாவின் மிச்ச இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அதோடு சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. ஒருமுறை பிணைத்துவிட்டால் அந்தப் பாவில் வரும் மூன்று புடவையும் நெய்து முடிகிற வரை தறி வேறெதற்கும் உதவாது. பக்கத்துச் சந்துப் பெண்ணும் என் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து பிணைத்துக்கொண்டிருந்தார்கள். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு நான் பாத்திரம் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"இது யாரு கேட்டதுண்ணா?" என்றாள் அவள், முறுக்குவதை நிறுத்தாமல்.

"மெட்ராஸ்."

"மெட்ராஸ்ல யாரு?"

"மெட்ராஸே."

அவள் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி இழையைப் பார்த்தாள்.

"இல்லண்ணா, எதுக்குக் கேக்கறன்னா, அவருக்கு வண்டி நின்னுபோச்சி. கம்பெனி லீவு வுட்டுட்டாங்க. நம்ப தறியை வச்சித்தான் இப்ப வூடு ஓடணும்."

"கம்பெனிக்குள்ள தண்ணியா?"

"ஒரு சொட்டு இல்ல. ஏதோ ரப்பர் வளையமாம். இத்துனூண்டு. அதை மெட்ராஸ்ல ஒரு ஷெட்டுல செய்றாங்களாம். அந்த ஷெட்டு முழுவிப் போச்சாம். அது வராம இங்க எதையும் மாட்ட முடியாதாம். அதனால எல்லாருக்கும் லீவு. இவரு ஓடாத வண்டிய தினைக்கும் கழுவிக்கினு இருக்காரு."

நான் சிரித்தேன். ஒரு வளையம் நனைந்ததற்குச் செவிலிமேட்டில் ஒரு வேன் நிற்கிறது என்றால் சிரிப்பு வராமல் என்ன செய்யும். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் அலுப்பாக இருக்கிறது. அந்த வேனுக்கும் என் தறிக்கும் நடுவில் எந்த வித்தியாசமும் இல்லை என்று தெரியாமல் சிரித்த சிரிப்பு அது.

நெய்ய ஆரம்பித்தோம். அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. ஈர நாளில் ஜரிகை மக்கர் செய்யும், பாவு தொய்யும். ஆனாலும் அவள் கை சுத்தம். முதல் புடவை பாதி வந்தபோது என் மச்சான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். காலெல்லாம் சேற்றுப்புண். கடை திறக்க நாளாகும், அதுவரை சம்பளமில்லை, ஊருக்குப் போய் வா என்று அனுப்பிவிட்டார்களாம். அவனுக்கு மனைவி சோறு போட்டாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். இந்தமுறை ஒழுங்காக முதலில் கால் புண்ணைப் பற்றிக் கேட்டேன். அப்புறம்தான் கேட்டேன்.

"அந்த அரக்குப் புடவைங்கள்லாம் குப்பைக்குப் போயிடுச்சா?"

"குப்பைக்கா? ஏன் மாமா? மொட்ட மாடி முழுக்கக் காயப் போட்டோம். பக்கத்து பில்டிங்குக்காரங்க கல்யாண வூடுன்னு நெனச்சிட்டாங்க."

"காயப் போட்டு?"

"பாதி வெலைக்கு விக்கப்போறாங்க. பேனரே அடிச்சாச்சி. பக்கத்துக் கடைல இப்பவே க்யூ நிக்குது."

"எல்லாம் போயிடுச்சுன்னியேடா."

"மெதக்குதுன்னேன் மாமா. போயிடுச்சின்னு எப்ப சொன்னேன்?"

அவன் மோர் ஊற்றிக்கொண்டான். "வெளிர்க் கலருதான் மாமா போச்சி. கறை ஏறிப்போய் ஒண்ணும் பண்ண முடியல. அரக்கு தப்பிச்சிக்கிச்சி. அதுல சேறு பட்டாக்கூட தெரியாது பாரு."

சாயக்காரர் நாள் முழுக்கப் பட்டை எதில் முக்கி எடுக்கிறார்? தண்ணீரில்தான். ஊடை நூலை நான் எதில் நனைத்து நாடாவில் போடுகிறேன்? தண்ணீரில்தான். பட்டு தண்ணீரில் சாகாது என்று தெரிய ஒருவன் நெசவாளியாக இருக்க வேண்டியதில்லை. நான் நெசவாளியாக இருந்தும் எனக்குத் தெரியவில்லை. டிவியில் ஓடிய தண்ணீர் வேறு தண்ணீர் என்று நினைத்துவிட்டேன் போல.

"சரி, மத்த ஜனங்க? கல்யாணத்துக்குப் புதுசு எடுக்க மாட்டாங்களா?"

"கல்யாணத்தையே தள்ளி வச்சிக்கினு இருக்காங்க மாமா. புடவைக்குன்னு வச்ச பணத்துல மெத்தை, பிரிஜ்ஜுன்னு வாங்கிக்கினு போறாங்க. எங்க தெருவுல மெத்தை வண்டிதான் ஓடுது."

தறியின் வலப்பக்கத்தில் அவள் நாடாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் திரும்ப வந்து உட்கார்ந்ததும் நாடாவை விட்டாள்.

முதல் புடவை முடிந்ததும் மடித்து முதலாளியிடம் எடுத்துப்போனேன். விரித்துப் பார்த்தார், கரையைத் தடவினார்.

"நல்லாக்கீது. வச்சிக்கோ."

"எடுத்துக்கங்க முதலாளி."

"யோவ், உள்ள வந்து பாரு."

உள்ளறையில் மூட்டை மூட்டையாகப் புடவை. சேற்று வாடை. சென்னையில் அவர் சரக்குப் போடுகிற கடையிலிருந்து வேனில் வந்து இறங்கியிருந்தது. பேனர் கட்டி விற்க முடியாத அளவுக்கு அழுக்கேறியவை. கழுவி, சேறு தட்டி, இழுத்து நேராக்கித் திருப்பி அனுப்பவேண்டுமாம். பெரும்பாலும் அரக்கு.

"இதுக்கு ஆளு வேணும். புடவைக்கு இவ்ளோன்னு கூலி. நெய்ற கூலி வராது. செய்றியா?"

"நான் நெய்றவன் முதலாளி" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் மனைவி, "வண்டில ஏத்தி அனுப்பச் சொல்லுங்க" என்றாள். வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளும், "நாளைக்கே வந்துடுமாண்ணா?" என்றாள்.

மார்கழி முழுக்க அதுதான் வேலை. முற்றத்தில் அண்டா வைத்து அலசினார்கள். மச்சான் பிழியாமல் தூக்கிப் பிடித்தான். காயப்போட இடம் போதாமல் தறிகளின் மேலேயே கயிறு கட்டினோம். கீழே நெய்யப்படாத என் அரக்கு, மேலே யாருக்கோ பாதி விலைக்குப் போகப்போகிற அரக்கு. என் புடவை விற்காமல் போவதற்கு எது காரணமோ அதை என் வீட்டிலேயே, என் வீட்டு மனுஷர்களே, பளபளப்பாக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் இஸ்திரி போட்டேன். மடிப்பு நன்றாக விழுந்தது என்று முதலாளி பாராட்டினார்.

நடுவில் ஒரு நாள் மழைச் சேதம் கணக்கெடுக்க ஒருவர் தெருவுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வூட்டுக்குள்ள தண்ணி ஏறுச்சா?"

"இல்ல சார்."

"சுவரு?"

"நிக்குது சார்."

"தறிக் குழியில?"

"இல்ல சார்."

"அப்பறம் இன்னா சேதம்?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். மச்சான் கடைக் குடோன், அரக்கு, மெத்தை வண்டி, ரப்பர் வளையம் என்று வந்துகொண்டிருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே அடுத்த வாசலைப் பார்த்தார். கடைசி முயற்சியாகக் கூரையைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது பழைய ஒழுகலு" என்றார். தொழில் தெரிந்தவர்.

அவர் போனபின், "குழியில ரெண்டு குடம் தண்ணிய ஊத்திட்டுக் கூப்ட்டிருக்கலாம்" என்றேன்.

"ஊத்துங்க" என்றாள் மனைவி. "பாவும் நனையட்டும். என் தம்பி கடையில பேனரு கட்டிக் குடுத்துடுவான்."

பொங்கல் நெருங்கியபோது மூட்டை குறைந்துவிட்டது. ஒரு மதியம் சந்துக்காரப் பெண் ஒரு புடவையின் கரையை வெளிச்சத்தில் பிடித்துச் சேறு தட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே நிறுத்தினாள்.

"ண்ணா, இங்க வாங்களேன்."

அரக்கில் கிளிப்பச்சை. கரை நெடுக ஜரிகையில் ருத்திராட்சக் கொட்டை வரிசை. ஓரிடத்தில் ஒரு கொட்டை மட்டும் பாதியாக இருந்தது.

"இது நம்ப புடவண்ணா."

"நம்பளுதா?"

"ஞாபகம் இல்ல? அன்னைக்கி நான் தும்முனேன். நாடா வுட்டுப்போச்சி. பிரிக்கலாமான்னு கேட்டேன். 'எவன் பாக்கப் போறான், நாடாவ வுடு'ன்னீங்க."

எடுத்துப் பார்த்தேன். ஆமாம். எத்தனையோ கை மாறி, சென்னைக்குப் போய், அலமாரியில் உட்கார்ந்து, மிதந்து, மொட்டை மாடியில் காய்ந்து, தும்மலோடு திரும்பி வந்திருக்கிறது. நடுவில் ஒருவரும் அந்தப் பாதிக் கொட்டையைக் கவனிக்கவில்லை. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மழைக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். மனைவியும் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். நான் அதற்கு இஸ்திரி போட்டு, பாதிக் கொட்டை உள்பக்கம் வருமாறு மடித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ண்ணா, அந்த வளையம் வந்துடுச்சாம். வண்டி ஓட ஆரம்பிச்சிடுச்சி."

"நல்லது."

"பேக்கிங்குக்கு மறுபடியும் ஆளு எடுக்கறாங்களாம். பொங்கல் கழிச்சி வரச் சொல்றாங்க."

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"பங்குனி வரைக்கும் பாக்கலாமே" என்றேன்.

"தறி நிக்காதுன்னு சொன்னீங்களே" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. விலாசம் கேட்கிற குரல். "நிக்குதே."

"நான் வேணும்னு நிக்க வெக்கல."

"எனக்குத் தெரியாதா. மெட்ராஸ்ல பெஞ்ச மழைக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க." அடுத்த புடவையை எடுத்துக்கொண்டே, "ஆனா கேரண்டின்னு சொன்னது நீங்கதான்" என்றாள்.

என் மனைவி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு புடவை மடித்தாள். அன்று மீதி மூட்டையையும் முடித்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனாள்.

இதற்கெல்லாம் நான் யாரைத் திட்டுவது என்று வெகுநாள் யோசித்தேன். புயலைத் திட்டலாமென்றால் அது எங்கள் பக்கம் சரியாக எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாதி விலைக்கு வாங்கியவர்களைத் திட்டமுடியாது. அவர்கள் வீட்டு மெத்தை நனைந்திருந்தது. கடைக்காரரைத் திட்டமுடியாது, அவர் குடோன் மூழ்கியது. முதலாளி 'இரு' என்றுதான் சொன்னார். மிஞ்சினது நானும் சாக்கடையும். சாக்கடை உண்மையைத்தான் சொன்னது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. பொங்கல் கழிந்ததும் அவள் தன் வீட்டுக்காரர் ஓட்டுகிற வேனிலேயே ஏறி கம்பெனிக்குப் போனாள், இப்போதும் போகிறாள். கோர்வைத் தறி சித்திரை வரை நின்றது. அந்த முதல் புடவையை முதலாளி வைகாசியில் எடுத்துக்கொண்டார். இப்போது வலப்பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்து நாடா விடுகிறாள். அவளுடைய தறி, பிணைத்த அரக்குப் பாவோடு, துணி போர்த்தி நிற்கிறது.